மூவாயிரம் மைல் கணக்கு

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் சாய்ந்தமருதைக் கடந்து வருகிறவர் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்கும், திரும்பாமல் நேரே சென்றால் நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களினூடாகப் பொத்துவிலுக்கும் போய்ச் சேரலாம். நெல் லொறிகளும் உழவு இயந்திரங்களும் முச்சக்கர வண்டிகளும் ஓயாது திரும்பும் இச்சந்தியில் மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ முதலிய ஜெர்மானிய உயர்ரகக் கார்களையும் இப்பொழுது காண்கிறோம். அவற்றை வாங்கியோருள் வைத்தியர்களும் உண்டு, ஆலை முதலாளிகளும் உண்டு, கடல் கடந்து உழைத்துத் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சந்தேகம் ஒன்று இருக்கிறது. காரோடு வந்த புத்தகம் 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சேவிஸ் செய்தால் போதும் என்கிறது. காரின் முன்பலகையில் மின்னும் கணினி சில வேளைகளில் அதற்கும் மேலே தவணை கொடுக்கிறது. ஊர்க் கராஜ்காரரோ 5,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடவிட்டால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று அடித்துச் சொல்கிறார். இம்மூவருள் எவர் சொல்வதைக் கேட்பது?

மூவரும் வெவ்வேறு காலத்தின், வெவ்வேறு தேசத்தின் அனுபவத்தைப் பேசுகிறார்கள் என்பதே என் கருத்து. ஒவ்வோர் எண்ணும் ஒரு காலத்து எண்ணெயையும், ஒரு நாட்டு வீதியையும், ஒரு விதமான உடைமையாளரையும் மனத்திற்கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. அவை எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தவருக்கே அவற்றுள் எது தமக்கு உரியது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கிடைக்கும். ஆகவே, இந்தக் கரையோரத்தில் மோட்டார்க் கார் பரிபாலனம் நடந்துவந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ள காரியமாகும்.

மட்டக்களப்பு நகரத்துக்கும் அதன் தெற்கேயுள்ள கரையோரக் கிராமங்களுக்கும் இடையே வாவி குறுக்கிட்டுக் கிடந்தமையால், 1924இல் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்படும் வரையில் இப்பக்கத்து வீதிப் போக்குவரத்துத் தோணித் துறையை நம்பியே நடந்தது. பாலம் வந்த பின்னரே கார் என்பது இக்கரையில் நிலையாக ஓடக்கூடிய வாகனமாயிற்று. அக்காலத்தில் கார் வைத்திருந்த உத்தியோகஸ்தரும் போடியார்மாரும் தாமே அதனை ஓட்டியது அருமை. அதற்கென ஒரு சாரதி இருந்தார், அவரே அதன் வைத்தியருமாக இருந்தார். விடியற்காலையில் ஒயில் மட்டத்தைக் கோல் விட்டுப் பார்ப்பதும், றேடியேற்றருக்கு நீர் வார்ப்பதும், பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும், கிறீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காரின் அடியிற் படுப்பதும் அவருடைய நித்திய கருமங்கள். இங்கிலாந்திலே ரோல்ஸ் றொய்ஸ் கொம்பனியார் தம் கார்களை ஓட்டும் சாரதிகளுக்கெனவே ஒரு பாடசாலை நடத்தினார்கள் என்பதை நினைத்தால், உயர்ரகக் கார் என்பது ஆதியிலிருந்தே குறைந்த கவனிப்புக் கேட்கும் காராக இருந்ததில்லை என்பது விளங்கும். அதன் உரிமையாளர் அந்தக் கவனிப்பைத் தம் கையாற் செய்ய வேண்டியிராமல் இன்னொருவரைக்கொண்டு செய்விக்க வல்லவராயிருந்தார், வித்தியாசம் அவ்வளவே. அதே கொம்பனி 1955இல் வெளியிட்ட சில்வர் கிளவுட் காரில், மிதி ஒன்றை அழுத்தினால் குழாய்களின் வழியாக அடிப்பாகத்து மூட்டுகளுக்கெல்லாம் ஒயில் பாயும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். சாரதியின் முழங்கையையும் முதுகையும் வருத்திய வேலையைக் காலின் ஓர் அசைவு செய்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குள் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய பிரித்தானியக் கார்கள் இலங்கை முழுவதும் பரவின. இங்கிலாந்தில் அவை நடுத்தரக் குடும்பத்தின் கார்கள். நெல்லை நம்பி வாழ்ந்த நமது கரையிலோ அவையே ஐசுவரியத்தின் அடையாளமாக இருந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு சிறு கைந்நூல் வந்தது. 1,000 மைலுக்கு ஒருமுறை முன்சில்லுகளின் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்க வேண்டும். 3,000 மைலுக்கு ஒருமுறை எஞ்சின் ஒயிலை வடித்துப் புது ஒயில் விட வேண்டும். 6,000 மைலுக்கு ஒருமுறை பில்ரரை மாற்ற வேண்டும். பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரிந்த கராஜ் பாஸ்மார் இவ்வெண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். எதிர்காலத்தில் என்ன கார் வந்தாலும் இந்த எண்களே அளவுகோல் என்னும் நம்பிக்கை அப்பொழுதே வேரூன்றிவிட்டது.

அந்த 3,000 மைலுக்குத் தக்க காரணம் இருந்தது. காபுறேற்றர் வழியே பெற்றோல் மதிப்பாகத்தான் எஞ்சினுக்குள் சென்றது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சோக் இழுத்தால் எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிற்று. ஈயம் கலந்த பெற்றோல் எரியும்போது அமிலங்கள் உண்டாயின. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ஆவி வெளியேறுவதற்கு ஒரு திறந்த குழாய் மாத்திரமே இருந்தமையால், நீரும் அமிலமும் ஒயிலோடு கலந்து தங்கின. அக்காலத்து ஒயிலிலோ அழுக்கைக் கரைத்து மிதக்கவைக்கும் சரக்குகள் மிகச் சொற்பம். இத்தனை குற்றங்களையும் ஒயில் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய 3,000 மைல் என்று கண்டார்கள். அதாவது 4,800 கிலோமீற்றர். இன்று நமது சேவிஸ் நிலையங்களில் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிடும் துண்டில் அடுத்த சேவிஸ் 5,000 கிலோமீற்றர் கழித்து என்று எழுதுகிறார்களே, அந்த எண் இந்த மைல் கணக்கின் நேரான சந்ததி என்பது என் துணிபு. காபுறேற்றர் போய்விட்டது, 2002இல் இலங்கைப் பெற்றோலிலிருந்து ஈயமும் போய்விட்டது, கணக்கு மாத்திரம் நிலைத்து நிற்கிறது.

இதே காலத்தில் இன்னொரு கணக்கும் நமது பிரதேசத்துக்கு வந்தது. அதன் பெறுமதியை நாம் போதிய அளவு உணரவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கொம்பனி இங்கினியாகலையில் அணை கட்டத் தொடங்கியபோது, மண்ணைப் பெயர்க்கும் பாரிய யந்திரங்கள் காட்டுக்குள் வந்து இறங்கின. அவற்றுக்கு மைல் கணக்கு ஏது? ஒரே இடத்தில் நின்று நாள் முழுவதும் உறுமும் யந்திரத்துக்கு ஓடிய தூரத்தைக் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. ஆகையால் அவற்றில் மணிக்கணக்குக் காட்டும் மீற்றர் பொருத்தப்பட்டிருந்தது; இத்தனை மணித்தியாலம் ஓடினால் ஒயில் மாற்று, இத்தனை மணித்தியாலம் ஓடினால் பில்ரரை எடு என்பதே அவற்றின் பரிபாலன விதி. பின்னர் வயல்களுக்கு வந்த உழவு இயந்திரங்களுக்கும் அதே விதி பொருந்திற்று. சம்மாந்துறை வெளியிலும் அக்கரைப்பற்று வெளியிலும் உழவு இயந்திரம் வைத்திருந்த விவசாயி, எஞ்சினின் ஆயுள் நேரத்தால் தேய்கிறது என்பதை எந்தப் பொறியியல் நூலையும் படியாமலே அறிந்திருந்தார்.

இந்த அறிவை இன்றைய உயர்ரகக் காருக்குப் பிரயோகித்துப் பாருங்கள். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் சராசரி மணிக்கு 75 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் 15,000 கிலோமீற்றரை 200 மணித்தியாலத்தில் முடித்துவிடும். கல்முனைக் கடைத்தெருவிலும் பாடசாலை வாசலிலும் பள்ளிவாசல் வீதியிலும் ஊர்ந்து, குளிரூட்டியை ஓடவிட்டபடி நின்று நின்று செல்லும் காருக்குச் சராசரி 25 கிலோமீற்றர் என்று கொண்டால், அதே 15,000 கிலோமீற்றருக்கு 600 மணித்தியாலம் பிடிக்கும். தூர மீற்றரில் இரண்டும் சமம். எஞ்சினுக்குள் இருக்கும் ஒயிலுக்கோ இரண்டாவது கார் மும்மடங்கு வேலை வாங்கியிருக்கிறது. புத்தகம் எழுதியவர் முதலாவது காரை நினைத்து எழுதினார். அதனாலேயே அப்புத்தகங்களின் உள்ளே, கடினமான நிலைமைகளில் ஓடும் வாகனங்களுக்குத் தவணையைக் குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் காணப்படுகிறது. வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரையில், நாட்டுக்குள் ஏற்கனவே வந்துவிட்ட கார்களைக் கொண்டே ஜனங்கள் காலங்கழிக்க வேண்டியதாயிற்று. பரிபாலனம் என்பது அப்பொழுது விருப்பத்துக்குரிய செலவாக இருக்கவில்லை. வேறு கதியில்லாத கடமையாக இருந்தது. உதிரிப்பாகம் வேண்டுமானால் இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தேட வேண்டும்; அங்கும் கிடையாவிட்டால் கடைசல் பட்டறையில் பித்தளையைக் கடைந்து புதிதாகச் செய்ய வேண்டும். தேய்ந்த சிலிண்டருக்கு உள்ளுறை போட்டார்கள். உடைந்த வில்லுத்தகட்டை வேறொரு லொறியின் தகட்டால் ஈடுசெய்தார்கள். பிறேக் றப்பரிலிருந்து பொயின்ற் வரையில் எதையும் கெடுமுன்னே பேணிக்கொள்வது கெட்டபின் தேடுவதிலும் மலிவு என்பதை அந்தப் பதினேழு ஆண்டுகள் இந்நாட்டுக்குக் கற்பித்தன. பொருள் தட்டுப்பாட்டினால் அக்காலத்தில் மக்கள் பட்ட துன்பத்தை நான் மறக்கவில்லை. ஆயினும் இலங்கைக் கராஜ் தொழிலின் உண்மையான பல்கலைக்கழகம் அக்காலமே என்று சொல்லத் துணிகிறேன்.

அந்தப் படிப்பின் கடுமையான பரீட்சை 1990களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. எரிபொருள் தடையின் காரணமாகப் பெற்றோல் அரிதாகிவிட, ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சினாதலால் அது சாத்தியமாயிற்று. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது. வழமையான 3,000 மைல் தவணையை அங்கே பின்பற்றியவர் எஞ்சினை இழந்திருப்பார். அடிக்கடி ஒயிலின் மணத்தையும் தடிப்பையும் விரலாற் பார்த்து மாற்றியவரின் கார் ஓடிற்று. எரிபொருள் மாறினால் தவணையும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி தேவையில்லை.

மெர்சிடிஸ் பென்ஸ் கார்களின் கதை இதனோடு சேர்ந்தே நடந்தது. 1939இல் ஸ்தாபிக்கப்பட்ட டிமோ என்னும் கொழும்புக் கொம்பனி அவற்றின் முகவராக விளங்கியது. 1976 முதல் சுமார் பத்து ஆண்டுகள் உற்பத்தியான டபிள்யூ 123 என்னும் வகையில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் விற்பனையாயின; அதன் டீசல் எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பேர் பெற்றது. அந்த ஆயுள் வரமாகக் கிடைத்ததன்று. குறித்த தவணையில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும், ஒயிலைத் தவறாமல் மாற்ற வேண்டும், டீசல் பில்ரரைக் கவனிக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் இவ்வேலைகளை இலகுவாகச் செய்யும்படி எஞ்சினை அமைத்திருந்தார்கள். எட்டாத இடத்தில் எதையும் ஒளித்து வைக்கவில்லை. உயர்ரகம் என்ற பதத்துக்கு அன்று இருந்த பொருளில் பழுதுபார்க்கும் வசதியும் அடங்கியிருந்தது. இன்று அந்தப் பொருள் சுருங்கிவிட்டது என்று நான் வருந்துகிறேன்.

1980களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ கார்களின் முன்பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் தோன்றி, எஞ்சின் எவ்வாறு ஓட்டப்படுகிறது என்பதைக் கணித்துச் சேவிஸ் நாளை அறிவிக்கத் தொடங்கின. மைல் கணக்கின் ஏகாதிபத்தியம் அன்று முடிந்தது. தத்துவத்தளவில் இது மிகச் சிறந்த முன்னேற்றம். ஆனால் கணினி தன்னிடம் சொல்லப்பட்டதை மாத்திரமே அறியும். மெர்சிடிஸ் பென்ஸ் கொம்பனி 1990களின் இறுதியில் இத்தகைய நெகிழ்ச்சியுள்ள தவணை முறையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியபோது, அது செயற்கை ஒயிலை நம்பி வகுக்கப்பட்ட தவணை என்பது எல்லா உடைமையாளருக்கும் எட்டவில்லை. சாதாரணக் கனிம ஒயிலை ஊற்றிக்கொண்டு கணினி சொன்ன தூரம் வரையில் ஓட்டிய கார்களில் ஒயில் கசடாக உறைந்து எஞ்சின்கள் பழுதடைந்தன. 1998 முதல் 2001 வரையிலான கார்களின் உடைமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2003இல் சமரசத்தில் முடிந்தது.

கியர்பெட்டியின் கதையும் இவ்வாறே. ஆயுட்காலம் முழுவதும் ஒயில் மாற்ற வேண்டியதில்லை என்று பெருங் கார்க் கொம்பனிகள் அறிவித்த அதே கியர்பெட்டிகளைச் செய்துகொடுக்கும் இசட்.எப். என்னும் ஜெர்மானிய நிறுவனம், 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஒயிலை மாற்றும்படி தானே ஆலோசனை கூறுகிறது. செய்தவர் ஒன்று சொல்ல, விற்பவர் வேறொன்று சொல்வதேன்? ஐரோப்பாவில் புதிய உயர்ரகக் கார்களுட் பெரும் பகுதியைக் கொம்பனிகள் தம் உத்தியோகஸ்தருக்காகத் தவணைக் குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று நான்கு ஆண்டுகளில் அவை கைமாறிவிடும். அக்காலத்துக்குள் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது விற்பனைக்கு உதவுகிறது. ஆயுட்காலம் என்று அவர்கள் கணக்கிடுவது முதல் உடைமையாளரின் காலத்தை. நமது ஊருக்கு வரும் கார்களுட் பலவோ தம் இரண்டாவது ஜன்மத்தையே இங்கு தொடங்குகின்றன.

இனி எரிபொருளும் கடலும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. அங்குள்ள நெடுந்தவணை ஒயில்கள் அந்தத் தூய எரிபொருளை ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்பட்டவை. இங்கு விற்கப்பட்டுவந்த சாதாரண டீசலிற் கந்தகம் அதனிலும் பன்மடங்கு. கந்தகம் எரிந்து அமிலமாகும். அமிலத்தை முறிக்கும் சக்தி ஒயிலில் விரைவிற் செலவாகும். ஆகையால் அங்கே இரண்டு ஆண்டு அல்லது 30,000 கிலோமீற்றர் என்று அனுமதிக்கப்படும் தவணையை டீசல் காருக்கு இங்கே பின்பற்றுவது தவறு. கடற்காற்றின் விஷயமோ இதனிலும் வெளிப்படை. கச்சான் வீசும் மாதங்களில் மணற்றூசி காற்று வடிகட்டியை அடைக்கும். மாரியிலே வாடைக்காற்று உப்பைச் சுமந்து வந்து கீழ்ப்பாகத்தில் அப்பும். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டொட் 4 என்னும் வகை புதிதாயிருக்கும்போது 230 பாகையிற் கொதிப்பது, 100க்கு 3.7 பங்கு நீர் ஏறியதும் 155 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். வார்ப்பிரும்பினாலான பழைய ஒஸ்ரின் கிணற்று நீரையும் பொறுத்துக்கொண்டது. அலுமினிய எஞ்சின் உவர் கலந்த நீரைப் பொறுக்காது. கழித்த ஒயிலை அடிப்பாகத்தில் விசிறித் துருவைத் தடுக்கும் பழைய வழக்கத்தையும் இக்கார்கள் ஏற்கா. அவற்றின் றப்பர் மூட்டுகள் ஒயிலில் ஊறிக் கெட்டுவிடும், நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதே உசிதம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் இக்கரையை அழித்தபோது, உவர்நீரில் மூழ்கிய வாகனங்களுட் பழைய எளிய எஞ்சின்களைக் கழற்றிக் கழுவி மீட்க வழியிருந்தது. மின்னணுப் பெட்டிகள் நிறைந்தவற்றுக்கு அவ்வழி இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நான் கொண்ட முடிவு இது. இக்கரையில் ஓடும் உயர்ரகக் காருக்கு, உரிய தரத்துச் செயற்கை ஒயிலை 7,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அத்தனை தூரம் ஓடாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றினால் போதும். செயற்கை ஒயில் விட்டபின்பும் 5,000 என்று வற்புறுத்துவது பழைய மைல் கணக்கின் நிழலே. 15,000 வரையிற் பொறுப்பது வேறொரு நாட்டின் கணக்கு. பிறேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், கியர்பெட்டி ஒயிலை 80,000 கிலோமீற்றரிலும் மாற்றுவதில் லோபம் கூடாது. காற்று வடிகட்டியைக் கச்சான் முடிந்ததும், அடிப்பாகத்தை மாரி முடிந்ததும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேவிஸிலும் எஞ்சினை மருந்து விட்டுக் கழுவுவது, ஒயிலோடு சரக்குகளைக் கலப்பது, கோளாறில்லாத இன்ஜெக்ரரைத் துப்புரவாக்குவது ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண். புத்தகத்தில் இல்லாத எதையும் ஒருவர் செய்யச் சொன்னால், எந்தக் குறி கண்டு சொல்கிறீர் என்று கேட்கும் உரிமை உடைமையாளருக்கு உண்டு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது; வரிகளின் பாரத்தால் ஒரு நல்ல கார் இன்று ஒரு வீட்டின் விலை பெறுகிறது. கையிலிருப்பதைக் காப்பாற்றும் காலம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் 1960களில் அந்த வித்தையைக் கற்றவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள், அவர்கள் அறிந்தது எங்கும் எழுதப்படவில்லை. கார்களோடு வரும் நூல்கள் ஜெர்மன் மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. 1892இல் காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானம் பயின்று, 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்ற சுவாமி விபுலாநந்தரின் ஊரிலிருந்து, இக்கரையின் காற்றுக்கும் நீருக்கும் எரிபொருளுக்கும் ஏற்ற ஒரு கார்ப் பராமரிப்புக் கைந்நூல் தமிழில் வெளிவருவது முறையன்றோ? ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தார், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலுள்ள முதிய கராஜ்காரர்களை அவர்கள் உயிரோடிருக்கும்போதே அணுகிக் கேட்டெழுதி, அந்நூலைத் தொகுக்க முன்வர வேண்டும். வீட்டு அலுமாரிகளில் ஒஸ்ரின், மொறிஸ் கைந்நூல்களையும் பழைய சேவிஸ் குறிப்பேடுகளையும் வைத்திருப்போர் அவற்றைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடாமல் அவர்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.